லுலு அம்மணியின் கணக்கு நோட்டு

கலோரி என்ற வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்று வாசகிகளுக்குப் பாடம் நடத்திய புத்தகம் ஒன்று உண்டு. 1918-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டரம்மா. புத்தகத்தின் பெயர் 'டயட் அண்ட் ஹெல்த்'. வால் மாதிரி ஓர் உபதலைப்பு: 'வித் கீ டு தி கலோரீஸ்'. காப்புரிமை காலாவதியாகி இப்போது இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. மொத்தம் நூறு பக்கம் சொச்சம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் தூங்குவதற்குள் முடித்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது.

இன்றைக்கு உங்கள் கைபேசியில் உட்கார்ந்துகொண்டு 'காலை டிபனுக்கு என்ன சாப்பிட்டீர்கள்?' என்று விசாரிக்கிற அத்தனை சமாசாரங்களுக்கும் கொள்ளுப்பாட்டி இந்தப் புத்தகம்தான். ரொட்டி ஒரு துண்டு என்று சொல்லாதே, இத்தனை கலோரி ரொட்டி என்று சொல் என்று முதன்முதலில் சாதாரண ஜனங்களைப் பழக்கியவர் லுலு அம்மணி. 1920-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட புத்தகங்களில் ஒன்று. பத்திரிகைகளில் தொடர் பத்தி வேறு எழுதினார்.

சும்மா சொல்லக் கூடாது, அம்மணிக்கு எழுத வருகிறது. இப்போது வருகிற டயட் புத்தகங்களைத் திறந்தால் எழுதியவர் பிறக்கும்போதே தட்டையான வயிற்றோடு பிறந்தவர் போல அறிவுரை பொழிவார். லுலு அப்படியில்லை. 90 கிலோவைத் தாண்டி நின்றவர், 30 கிலோவுக்கு மேல் இறக்கியவர். பட்டவர் பேசுகிறார். தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். தின்னிப் பெண்மணிகளுக்குச் சிலேடையில் பட்டப்பெயர் வைக்கிறார். நடுநடுவே உறவுக்காரச் சின்னப் பையன் ஒருவன் வரைந்த குச்சி மனிதர் படங்கள். விஷயம் மருத்துவம், தொனி திண்ணைப் பேச்சு. நூறு வருஷம் கழித்தும் படிக்க முடிவதற்கு அதுதான் காரணம்.

சரி, சொல்கிற விஷயம்?

ஐந்தடிக்கு மேல் எத்தனை அங்குலமோ அதை ஐந்தரையால் பெருக்கு. 110-ஐக் கூட்டு. அதுதான் உன் லட்சிய எடை, பவுண்டில். ஐந்தடி மூன்று அங்குலப் பெண்மணி என்றால் பதினாறரையும் 110-ம் சேர்ந்து 126 பவுண்ட் சொச்சம், நம் கணக்கில் 57 கிலோ. அதற்கு மேல் இருந்தால் ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குள் வாழப் பழகு. எதில் எவ்வளவு என்று பின்னால் பட்டியல் இருக்கிறது. ஆயுசுக்கும் எண்ணு. முடிந்தது கதை.

இந்தப் பட்டியல் விவகாரத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. உணவை நூறு நூறு கலோரிப் பங்காகக் கூறு போட்டால் ஜனங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று 1906-லேயே கட்டுரை எழுதியவர் டாக்டர் இல்லை. யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? 1929-ல் பங்குச் சந்தை இனி இறங்காத மேட்டுக்குப் போய்விட்டது என்று திருவாய் மலர்ந்து, சில நாட்களில் சந்தை தலைகுப்புற விழுந்து, சொந்தச் சொத்தையும் பறிகொடுத்தாரே, அதே ஃபிஷர்தான். மனித வயிற்றை வரவு செலவுப் பேரேடாகப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அவருக்கும் முன்னால் அஸ்திவாரம் போட்டவர் வில்பர் அட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 1890-களில், ஒரு ஆள் படுத்து எழுந்திருக்கிற அளவுக்கு அறை ஒன்று கட்டி, நாள் கணக்கில் ஆளை உள்ளே வைத்து, அவர் உடம்பு விடுகிற வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. நீங்கள் வாங்குகிற பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இருக்கிற கலோரி எண் பெரும்பாலும் இந்த மூன்று எண்களைப் பெருக்கிக் கூட்டியதுதான். பிஸ்கட்டை யாரும் கொளுத்திப் பார்ப்பதில்லை.

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் கை அரிக்கிறது. கணக்கு என்று வந்துவிட்டால் தணிக்கை என்று ஒன்று உண்டே?

முதலில் வரவு. அமெரிக்காவில் பாக்கெட்டில் போட்டதைவிட உள்ளே இருக்கிற கலோரி 20 சதவிகிதம் வரை கூடுதலாக இருந்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. இது போகட்டும், எண் சரியாகவே இருந்தாலும் அத்தனையும் உடம்பில் சேருமா? 2012-ல் அமெரிக்க விவசாயத் துறை விஞ்ஞானிகள் பாதாம் பருப்பைச் சாப்பிடக் கொடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தார்கள். ஒரு கைப்பிடிக்கு, அதாவது 28 கிராமுக்கு, 170 கலோரி என்று நம்பிக்கொண்டிருந்தது; உடம்பு எடுத்துக்கொண்டது 129. கடித்த துண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கொழுப்பு அப்படியே வெளியேறிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு பிழை உள்ள பேரேட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்.

அடுத்தது, எழுதுகிற ஆள். 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு. 'நான் 1,200 கலோரிக்கு மேல் தொடுவதே இல்லை டாக்டர், எடை மட்டும் குறையவே மாட்டேங்குது' என்றவர்களைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதியை, சராசரியாக 47 சதவிகிதத்தை, அவர்கள் எழுதவே இல்லை. உடற்பயிற்சியை மட்டும் ஐம்பது சதவிகிதம் ஏற்றி எழுதியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மனுஷ சுபாவம். வருமான வரிப் படிவம் நிரப்புகிறபோது நமக்கெல்லாம் வருகிற அதே ஞாபக மறதி.

நம் ஊர்ச் சமையலறையில் இது இன்னும் சிக்கல். லுலுவின் பட்டியல் ரொட்டித் துண்டு, முட்டை, ஆரஞ்சுப் பழம் என்று எண்ணக்கூடிய உலகம். தட்டு தனி, பங்கு தனி. ஒரே சட்டியில் கொதித்து நாலு பேருக்குப் போகிற வத்தக்குழம்பை எந்தக் கட்டத்தில் போடுவது? எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலைக் கடந்தபோது காதில் விழுந்தது:

"அம்மா, இதுல எத்தனை ஸ்பூன் எண்ணெய் ஊத்தின?"

"ஸ்பூனா? ஊத்தினேன்டி."

"எவ்வளவும்மா?"

"கத்தரிக்காய் கேக்கற அளவுக்கு."

ஒரு மேஜைக் கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. கத்தரிக்காய் எவ்வளவு கேட்டது என்பது அந்த அம்மாவுக்கும் கத்தரிக்காய்க்கும் மட்டுமே தெரியும். மகள் கைபேசியில் 'கத்தரிக்காய் வறுவல், ஒரு கிண்ணம்' என்று போட்டிருப்பாள். கிண்ணமாவது தெரிந்த கிண்ணமா?

அந்த அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு பார்க்க ஒரு கரண்டி, பையன் மிச்சம் வைத்த அரை தோசை, ராத்திரி வீணாகிவிடுமே என்று வழித்துப் போட்ட கூட்டு. இதெல்லாம் எந்த வேளைச் சாப்பாட்டிலும் சேராது. கணக்குப் பாஷையில் இதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர். நம் வீடுகளில் பல பெண்களின் சாப்பாடே அனாமத்துக் கணக்கில்தான் ஓடுகிறது. லுலுவின் புத்தகத்தில் இந்தப் பெண் இல்லை. அவர் எழுதியது தட்டில் தனக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு.

வரவை விடுங்கள். செலவு இன்னும் விசித்திரம். ஒரு பவுண்ட் கொழுப்பு என்பது 3,500 கலோரி என்று 1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற டாக்டர் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்ப்பாடு கிளம்பியது: தினம் 500 கலோரி குறை, வாரம் ஒரு பவுண்ட் குறையும். காகிதத்தில் அற்புதம். ஆனால் நேராகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 52 பவுண்ட். அறுபது கிலோ ஆசாமி இரண்டரை வருஷத்தில் பூமியில் இருந்தே மறைந்துவிட வேண்டும்! மறைவதில்லை. ஏனென்றால் இந்தக் கம்பெனியில் வரவைக் குறைத்தால் செலவும் தானாகக் குறைகிறது. அமெரிக்க டி.வி.யில் மளமளவென்று எடை குறைத்துக் காட்டுகிற போட்டி ஒன்று பிரபலம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் போன எடையில் நிறையத் திரும்பி வந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற கலோரி மட்டும், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 குறைவாகவே நின்றுவிட்டது. லுலுவுக்கு இது தெரிய நியாயமில்லை. இன்றைக்கு அதே 1,200-ஐச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த 1,200-ஐக் கொஞ்சம் பார்ப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் போட்ட கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை பார்க்கிற 55 கிலோ இந்தியப் பெண்ணுக்குத் தினத் தேவை 1,660 கலோரி. பத்து வருஷத்துக்கு முன்னால், 2010-ல், அதே நிறுவனம் அதே 55 கிலோவுக்குச் சொன்னது 1,900. நிபுணர்களே பத்து வருஷத்தில் 240 கலோரியைத் திருத்திக்கொள்கிற விஷயத்தில், ராத்திரி எட்டு மணிக்குப் போனைப் பார்த்து 'இன்னும் 40 கலோரி பாக்கி இருக்கு, அரை வாழைப்பழம் சாப்பிடலாமா' என்று கவலைப்படுவதை என்னவென்று சொல்வது?

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 கடைசியில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை ஆரம்பித்தார். யுத்தத்தில் துப்பாக்கி தூக்க மறுத்த 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். யுத்தம் முடிந்ததும் பட்டினியில் கிடக்கிற ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, இவர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அந்த அரைப்பட்டினி அளவு எவ்வளவு தெரியுமா? சுமார் 1,570 கலோரி. எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, அவர்கள் புத்தி முழுக்கச் சாப்பாடாகிப்போனது. சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கனவில் சாப்பாடு. சிரிப்பு போனது, சிநேகம் போனது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் ஏற்கனவே ஒல்லியான ஆண்கள், வாரம் 22 மைல் நடக்க வைக்கப்பட்டவர்கள். பருமனான ஒருவரின் டயட்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஒல்லியாகவே இருக்கிற பதினாறு வயதுப் பெண் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளினால் ஒப்பிட முடியும். லுலுவின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது பட்டியல் அல்ல. ஆயுசு பூராவும் எண்ணு என்பதுதான்.

இன்னொன்று, அவர் எடையைப் பாவ புண்ணியமாக்கியது. புத்தகம் வந்த சமயம் முதல் உலக யுத்தம். உணவைப் பதுக்குவது தேசத்துரோகம் என்றால், உடம்பில் கொழுப்பாகப் பதுக்கி வைப்பதும் அப்படித்தானே என்பது அவர் வாதம். பெண்களைச் சேர்த்து எடைக் குறைப்பு வகுப்பு நடத்தச் சொல்கிறார். எடை ஏறினால் அபராதம், பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. நீ பட்டினி கிடக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு குழந்தை சாப்பிடுகிறது என்று சந்தோஷப்படு என்கிற ரீதியில் ஆறுதல். வேடிக்கையாகத்தான் சொல்கிறார். ஆனால் வேடிக்கை போய் வசவு மட்டும் நின்றுவிட்டது. குண்டாக இருப்பவர் கட்டுப்பாடில்லாதவர், நாக்கு நீளம் என்கிற தீர்ப்பை இன்றைக்கும் ஆபீஸ் லிப்டில்கூடக் கேட்கலாம்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு அரைகுறை என்பதற்கு 2019-ல் கெவின் ஹால் நடத்திய சோதனை ஒன்று போதும். 20 பேர். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. இரண்டிலும் மேஜையில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு; இஷ்டப்பட்ட வரை சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் அதே ஆசாமிகள் நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உள்ளே தள்ளினார்கள். நாக்கு அதேதான், மனக்கட்டுப்பாடும் அதேதான். மாறியது தட்டில் இருந்த பண்டம். (அந்த 500-ஐக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் கலோரிதான் எண்ணினார்கள் என்று யாராவது மடக்கலாம். மடக்கட்டும், நியாயம்தான்.)

ஆமாம், கலோரி பொய் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 2017-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதம் நாளைக்கு 850-ஐ ஒட்டிய கலோரியில் திரவ உணவு கொடுத்து, டாக்டர்கள் மேற்பார்வையில் எடையைக் குறைத்தார்கள். வருஷ முடிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்து நின்றார்கள். தேவை இருக்கிறவருக்கு, தெரிந்தவர் மேற்பார்வையில், கெடுவோடு கூடிய கணக்கு வேலை செய்கிறது. மற்றவர்களுக்கும் ஒரு பத்து நாள் எழுதிப் பார்ப்பது நல்லதுதான்; கடையில் வருஷத்துக்கு ஒரு தடவை இருப்பு எடுப்பது மாதிரி. சாயங்காலக் காபியோடு போகிற மிக்சர் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இருப்பு எடுத்துக்கொண்டே இருந்தால் கடையை எப்போது திறப்பது?

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். லுலு புத்தகம் வந்த அதே 1918-ல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோய் பற்றி ஆராய ஓர் அறையில் சின்னதாக ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, 1958-ல் இடம் மாறி, ஹைதராபாத் நிறுவனமாக ஆனது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலைப் புத்தகமாகப் போட்டார். பின்னால் 1971-ல் அந்தப் பரம்பரையின் பெரிய பட்டியலைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சி.கோபாலன். சேலத்துக்காரர். பிறந்த வருஷம்? அதுவும் 1918.

அங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் கலோரி என்றால் உச்சவரம்பு. இதற்கு மேல் போகாதே. இங்கே அது தரை. இதற்குக் கீழே ஒருவரும் போய்விடக் கூடாது. 1979-ல் திட்டக் கமிஷன் குழு வறுமைக் கோட்டை வரைந்தபோது கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100 என்று கலோரியில்தான் நங்கூரம் போட்டது. 2009-ல் டெண்டுல்கர் குழு வந்துதான் அதிலிருந்து விலகியது. பள்ளிக்கூட மதிய உணவுக்கு மத்திய அரசு வைத்த அளவு, சின்ன வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். அந்த எண்ணைச் சமையல்கூடத்தில் கறாராக எண்ண வேண்டும் என்பேன். அங்கே எண்ணாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம்.

ஆனால் தரையாகவும் அது போதவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 40 சதவிகிதம். அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53 சதவிகிதம். கூட்டிப் பாருங்கள், தொண்ணூற்று மூன்று. கணிசமான பெண்கள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் இருக்க வழியில்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எடையும் ஏறி ரத்தமும் குறைந்த பெண்ணை எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்க்கலாம். அவரிடம் போய் 1,200 என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் அவர் எதைக் குறைப்பார்? சோற்றைக் குறைக்க மாட்டார், வயிறு கேட்காது. கீரை, முட்டை, பருப்பு என்று காசு செலவாகிற பக்கம்தான் முதலில் கை வைப்பார். கலோரி குறைந்திருக்கும். கணக்கு நேராகியிருக்கும்.

லுலு அம்மணியின் புத்தகத்தைப் படிக்கலாம், அந்தக் குறும்புக்காக. சமையலறையில் வைத்துக்கொள்ள என்று கேட்டால் கோபாலன் பட்டியலைத்தான் சொல்வேன். அதில் கலோரி பல பத்திகளில் ஒரு பத்தி மட்டுமே. நூறு கிராம் தீட்டிய அரிசி 345 கலோரி, கேழ்வரகு 328. கைபேசி அத்தோடு நிறுத்தினால் இரண்டும் ஒன்று. பட்டியலில் விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் சுண்ணாம்புச் சத்து என்று ஒரு பத்தி வரும். அரிசிக்கு நேரே 10 மில்லிகிராம். கேழ்வரகுக்கு நேரே 344.